நூற்றுக்கு எத்தனை பேர் சித்தி? முதலில் யாரை எண்ணினோம் என்று பார்ப்போம்

ஓ.எல். (தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பொதுப் பரீட்சை) பெறுபேறு வெளிவந்தால் திருகோணமலையில் இரண்டு மூன்று நாளைக்கு வேறு கதை இருக்காது. எந்தப் பாடசாலை எத்தனை வீதம், எந்த வலயம் முன்னுக்கு, யாருடைய பிள்ளைக்கு ஒன்பது ஏ என்று தேநீர்க் கடையிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் பேச்சு ஓடும். அந்தப் பேச்சை நம்பிப் பெற்றோர் பாடசாலை மாற்றுகிறார்கள். அதிபர்கள் பாராட்டப்படுகிறார்கள், ஆசிரியர்கள் ஏச்சு வாங்குகிறார்கள். ஆனால் அந்த வீதம் எதற்குள் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. தரம் 8இல் நின்றுவிட்ட பிள்ளை அந்த எண்ணிக்கையில் எங்குமே இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் கல்வி மட்டம் உயர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. தரம் 6 கணிதம் தெரிந்தால் போதும்.

சித்தி வீதம் எதைச் சொல்கிறது

வெருகலில் இருந்து காலையில் ஒரு பஸ் புறப்படுகிறது. ஐம்பது பேர் ஏறுகிறார்கள். மூதூரில் சிலர் இறங்குகிறார்கள், கிண்ணியாவில் இன்னும் சிலர். திருகோணமலை பஸ் நிலையத்துக்கு வந்து சேரும்போது உள்ளே முப்பது பேர். அந்த முப்பது பேரையும் எண்ணிவிட்டு, 'பஸ்ஸில் இருந்த எல்லோரும் திருகோணமலைக்கு வந்துவிட்டார்கள், நூறு வீதம்' என்று நடத்துநர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் வெருகலில் ஏறியவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்விக்கு அது பதிலும் இல்லை.

பரீட்சைக்குத் தோற்றியவர்களில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதே சித்தி வீதம். பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணைப் பகுதியெண் என்று பாடசாலையில் படித்திருப்போம். சித்தி வீதத்தின் பகுதியெண், பரீட்சை மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் மட்டுந்தான். வழியில் இறங்கியவர்களை அது எண்ணாது.

இறங்கியவர்களிலும் இரண்டு வகை உண்டு. கிண்ணியாவில் இறங்கி வேறொரு பஸ்ஸில் ஏறித் திருகோணமலைக்கே வந்தவர் ஒருவர். இறங்கி அங்கேயே நின்றுவிட்டவர் மற்றவர். பாடசாலையில் முதலாமவர் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு இன்னொரு பாடசாலையில் சேர்ந்த பிள்ளை. இரண்டாமவர் படிப்பை விட்ட பிள்ளை. இந்த இருவரையும் பிரித்துப் பார்க்காத கணக்கு நம்மைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

பாட்ச் வீதம்: சரியான பகுதியெண்

ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாக மேலே போகிற பிள்ளைகளை 'ஒரே பாட்ச்' என்கிறோம். பாட்ச் வீதம் என்றால், ஒரு பாட்சில் தொடங்கியவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்ற கணக்கு. இடையில் வேறு பாடசாலைக்கு முறைப்படி போனவர்களைக் கழிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களைக் கூட்ட வேண்டும். காணாமல் போனவர்களைக் கழிக்கவே கூடாது.

கற்பனையாக ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். தரம் 6இல் 60 பிள்ளைகள் சேர்கிறார்கள். ஆறு வருடத்தில் 5 பேர் விடுகைப் பத்திரத்துடன் வேறிடம் போகிறார்கள், 3 பேர் புதிதாக வருகிறார்கள். ஆகவே பாட்ச் 58. தரம் 11 இடாப்பில் 44 பெயர்தான் இருக்கிறது. அதில் 40 பேர் பரீட்சை எழுதுகிறார்கள். ஏ.எல். (தரம் 12, 13இல் படிக்கும் உயர்தரம்) படிக்கத் தகுதி பெறுபவர்கள் 30 பேர்.

சித்தி வீதம்: 40இல் 30, அதாவது 75%. பாட்ச் வீதம்: 58இல் 30, ஏறக்குறைய 52%. ஒரே பாடசாலை, அதே பிள்ளைகள்.

இப்போது அந்தப் பாடசாலை சித்தி வீதத்தைக் கூட்ட விரும்புகிறது என்று வைப்போம். சித்தியடையாத பத்துப் பேரையும் மாலையில் இருத்திப் படிப்பிக்கலாம். அல்லது அவர்களில் எட்டுப் பேரிடம், 'இந்த முறை எழுத வேண்டாம்' என்று மெதுவாகச் சொல்லிவிடலாம். இரண்டாவது வழியில் 32இல் 30 பேர் சித்தி. வீதம் 94 ஆகிவிடும்! ஒரு பிள்ளைகூட முன்பைவிடக் கூடுதலாகப் படிக்கவில்லை. பாட்ச் வீதமோ அதே 52இல் நிற்கும். எந்த எண்ணை நம்பலாம் என்று இதிலேயே தெரிகிறது.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்தது. அங்கே தரம் 9 முதல் 12 வரை உயர்நிலைப் பள்ளி. அதை முடித்தவர்களின் வீதத்தை ஒவ்வொரு மாநிலமும் தனக்குப் பிடித்த மாதிரி எண்ணியது. 2008இல் மத்திய அரசு ஒரே விதியைக் கொண்டுவந்தது. தரம் 9இல் முதல் முறையாகச் சேர்ந்தவர்களை எடு, வந்தவர்களைக் கூட்டு, ஆவணத்துடன் போனவர்களைக் கழி, நான்கு வருடத்தில் முடித்தவர்களை எண்ணு. அப்படி எண்ணியபோது 2010–11 கல்வியாண்டில் நாடு முழுவதற்கும் 79% வந்தது. 2018–19இல் அது 86% ஆனது. நம் ஊரில் அவர்களைப் போல ஒரு பள்ளி முடிப்புச் சான்றிதழ் கிடையாது. ஓ.எல்., ஏ.எல். என்ற இரண்டு பொதுப் பரீட்சைகள்தான் வாசல்கள். ஆனாலும் எண்ணும் முறை இங்கேயும் அப்படியே பொருந்தும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான். சித்தி வீதம் பரீட்சை எழுதியவர்களைப் பற்றியது. பாட்ச் வீதம் சேர்ந்தவர்கள் எல்லோரையும் பற்றியது. முதலாவதை மட்டும் பார்த்தால் படிப்பை விட்ட பிள்ளை கண்ணில் படாது.

பிள்ளை ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் இலவசச் சீருடைத் துணி. 2016இல் வந்த விதியின்படி 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. இவ்வளவும் இருந்தும் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்? 'படிப்பில் அக்கறை இல்லை' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை.

இடாப்பை விரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். ஒரு பிள்ளையின் வரியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போங்கள். தரம் 7 முதலாம் தவணையில் திங்கட்கிழமைகளில் மட்டும் வரவில்லை. இரண்டாம் தவணையில் வெள்ளியும் சேர்ந்துகொள்கிறது. தரம் 8இல் ஒரு கிழமை முழுக்க இல்லை. பிறகு இரண்டு நாள் வருகை, மறுபடி இடைவெளி. தரம் 9 நடுவில் அந்த வரி வெறுமையாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை போன நாள் என்று ஒரு திகதியைக் குறிக்க முடியாது. இரண்டரை வருடமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் லீவு என்றால் பெரிதாகத் தெரியாது. ஒரு கல்வியாண்டில் ஏறத்தாழ 200 நாள் என்று வைத்தால், வாரம் ஒரு நாள் என்பது வருடத்துக்கு 40 நாள். தரம் 6இலிருந்து 11 வரை ஆறு வருடத்துக்கு 240 நாள். ஒரு முழுக் கல்வியாண்டுக்கும் மேலே! வகுப்பில் ஏறிக்கொண்டே போகிற பிள்ளை, உண்மையில் ஒரு வருடப் படிப்பு இல்லாமலே ஓ.எல். மண்டபத்தில் உட்காருகிறது.

வராததற்குக் காரணங்கள் இந்த மாவட்டத்தின் வாழ்க்கையோடு கலந்தவை. மீன் படும் காலத்தில் பையன்களைக் கரைவலைக்குக் கூட்டிப் போவார்கள். ஒரு நாள் கூலி கையில் கிடைத்த பிறகு வகுப்பில் உட்காருவது கஷ்டம். தாய் வெளிநாட்டில் வேலை என்றால், மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கைக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வர ஒன்பது மணியாகும். பிந்தி வந்து வாசலில் நிற்பதைவிட வராமலே இருந்துவிடும். ஒரு தாய் வகுப்பாசிரியையிடம், "ரீச்சர், அவன் எழும்பிறானே இல்லை, நான் விடியக் கச்சானுக்குப் போறனான், ஆர் எழுப்புறது?" என்று கேட்டதை நான் மறக்கவில்லை. அவ அக்கறை இல்லாத தாயில்லை. வீட்டில் காலையில் நிற்க ஆளில்லை, அவ்வளவுதான்.

தூரமும் பெரிய விஷயம். சிறு ஊர்களில் பல பாடசாலைகள் தரம் 11உடன் முடிந்துவிடும். ஏ.எல். விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றால் பட்டினத்துக்கோ வேறு பெரிய ஊருக்கோ போக வேண்டும். பெண்பிள்ளையைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டார் தயங்குவார்கள். போக்குவரத்து வெறும் வசதிக் கேள்வி அல்ல என்பதைக் கிண்ணியா மக்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2021 நவம்பர் 23 அன்று இழுவைப் படகு கவிழ்ந்தது. உயிரிழந்தவர்களில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். பாடசாலைக்குப் போகும் வழியைப் பற்றிப் பேசாமல் வரவைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

முன்னரே தெரியும் அறிகுறிகள்

படிப்பை விடப் போகிற பிள்ளையை முன்கூட்டியே காட்டும் அடையாளத்துக்கு முன்னெச்சரிக்கை அறிகுறி என்று பெயர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரொபர்ட் பல்பான்ஸ் முதலான ஆய்வாளர்கள் தரம் 6 பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வரவு 80 வீதத்துக்குக் கீழ், கணிதத்தில் சித்தியின்மை, ஆங்கிலத்தில் சித்தியின்மை (அது அவர்களின் முதல்மொழிப் பாடம்), நடத்தையில் மோசமான மதிப்பீடு என்ற நான்கில் ஏதாவது ஒன்று இருந்தாலே, அந்தப் பிள்ளை பின்னாளில் பள்ளியை விட நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இருந்தது. தரம் 6இலேயே! சிக்காகோவில் 2005இல் வெளிவந்த ஆய்வு தரம் 9ஐப் பார்த்தது. அந்த ஒரு வருடத்தை ஒழுங்காகக் கடந்தவர்கள், கடக்காதவர்களைவிட மூன்றரை மடங்கு கூடுதலாக நான்கு வருடத்தில் முடித்தார்கள்.

அந்த எண்களை அப்படியே மூதூருக்கோ தம்பலகாமத்துக்கோ ஏற்றிச் சொல்ல முடியாது. அங்குள்ள வறுமை வேறு, பாடசாலை முறை வேறு. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவை காட்டுகின்றன. வரவும் கணிதமும் மொழியும் எந்த வகுப்பாசிரியருக்கும் ஏற்கெனவே தெரிந்த விபரங்கள். புதிதாக ஒரு பரீட்சை வைக்க வேண்டியதில்லை.

இதில் கணிதம் தனியாக நின்று பேச வேண்டிய பாடம். ஏ.எல். போகப் பொதுவான விதி ஆறு பாடச் சித்தி. அதில் முதல்மொழியும் கணிதமும் கட்டாயம், மூன்று பாடத்திலாவது 'சி', அதாவது திறமைச் சித்தி வேண்டும். சமயத்திலும் வரலாற்றிலும் நல்ல பெறுபேறு வாங்கிய பிள்ளை கணிதத்தில் 'டபிள்யூ', அதாவது சித்தியின்மை, வாங்கி வாசலிலேயே நின்றுவிடும்.

அந்த 'டபிள்யூ' தரம் 11இல் உருவாவதில்லை. தரம் 10 பிள்ளை ஒன்றிடம் ½ + ⅓ எவ்வளவு என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சில கொப்பிகளில் ⅖ என்று இருக்கும். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறது. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அதற்குத் தோன்றவில்லை. பின்னம் படிப்பித்த நாட்களில் அந்தப் பிள்ளை வகுப்பில் இல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது இருந்தும் விளங்காமல், கேட்கப் பயந்து இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு வந்த அட்சரகணிதம், வட்டி, நிகழ்தகவு எல்லாம் அந்த ஓட்டையின் மேல்தான் கட்டப்பட்டன. கடைசி மூன்று மாதம் கடந்தகால வினாத்தாள் செய்து அதை மூட முடியாது. பின்னத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், இழப்பு தரம் 11இல் கண்ணுக்குத் தெரிகிறது, தொடங்குவது தரம் 6, 7இல்.

எது வீதத்தை உயர்த்துகிறது

அறிகுறியைப் பார்த்த பிறகு என்ன செய்வது? பிள்ளை வராத மூன்றாவது நாளே யாராவது ஒருவர் விசாரிக்க வேண்டும். மாதக் கடைசியில் அல்ல. அதே ஒருவர் தொடர்ந்து விசாரிப்பதும் முக்கியம். இன்றைக்கு வகுப்பாசிரியர், நாளைக்கு பிரதி அதிபர், அடுத்த மாதம் ஒரு கடிதம் என்றால் வீட்டாருக்கு நம்பிக்கை வராது. கட்டாயக் கல்வி விதிகளில் கிராம மட்டத்தில் பாடசாலை வரவுக் குழுவுக்கு இடம் உண்டு. வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவும் உண்டு. பாடசாலை செல்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது அவர்களின் வேலை. பெற்றோர் பலருக்கு இது தெரியாது.

அடுத்தது படிப்பில் பிந்தியவர்களுக்கான கற்பித்தல். பணம் கொடுத்து ரியூசனுக்குப் போகிற பிள்ளை எப்படியோ சமாளித்துவிடும். போக முடியாத பிள்ளைக்குப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே, சிறு குழுவாக, விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தரம் 6, 7இல் இதைச் செய்தால் செலவும் குறைவு, வெட்கமும் குறைவு. தரம் 11 பையன் பின்னம் படிக்க உட்கார மாட்டான்.

மதிய உணவு, 'சிசு செரிய' என்ற பாடசாலைப் பிள்ளைகளுக்கான பஸ், பருவச் சீட்டு போன்றவற்றைச் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். அவை வரவைக் காப்பாற்றும் கருவிகள். பஸ் பத்து நிமிடம் முந்தி வந்தால் ஒரு ஊரின் பிள்ளைகள் முதலாம் பாடத்தை இழக்காமல் இருப்பார்கள்.

முடித்தல் வேறு, தயாராதல் வேறு

இன்னொரு குழப்பம் உண்டு. சித்தியடைந்தால் அடுத்த கட்டத்துக்குத் தயார் என்று நினைத்துக்கொள்வது. ஓ.எல்.இல் 35 புள்ளி எடுத்தால் 'எஸ்', சாதாரண சித்தி. விஞ்ஞானத்தில் 35 எடுத்து ஏ.எல். உயிரியல் தொடங்குகிற பிள்ளைக்குத் தகுதி இருக்கலாம், தயார்நிலை இல்லை. தயார்நிலை என்று நான் சொல்வது, அடுத்த கட்டத்தின் முதல் நாள் பாடத்தையோ வேலையையோ துணையில்லாமல் பின்தொடரும் அளவுக்கு அடிப்படை இருப்பதை.

பல்கலைக்கழகத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ஏ.எல்.இல் மூன்று பாடச் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் (ஓ.எல். அல்ல, ஏ.எல்.உடன் எழுதும் பொதுத் தாள்) 30 புள்ளியும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பத் தகுதி பெறுகிற பெரும்பாலானோருக்கு இடம் கிடைப்பதில்லை. பல துறைகளில் 40% இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55% மாவட்ட அடிப்படைக்கு, 5% கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. இது உதவி செய்யும், இடத்தை உறுதி செய்யாது. ஆகவே இடம் கிடைக்காத பெரும்பான்மைக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பதே உண்மையான கேள்வி.

இங்கே தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ என்று எல்லோரும் சொல்வது, வருகிறது. ஒருவர் ஒரு தொழிலை எந்த மட்டத்தில் செய்வார் என்பதற்கு நாடு முழுவதும் ஏற்கப்படும் ஏழு படிச் சான்றிதழ். 4ஆம் படி வரை தொழில்திறன், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். அதாவது மின்னிணைப்பாளராகத் தொடங்கி, பாதை தவறாமல் பட்டம் வரை ஏறலாம். 'ஏ.எல். சரிவராத பிள்ளைக்கு' என்று இதை ஒதுக்கிப் பேசும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். சீனன்குடாத் தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கும் தேர்ச்சியுள்ள ஆட்கள்தான் தேவை. அங்கே சிங்களமும் ஆங்கிலமும் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு படி மேலே இடம். மூன்று மொழியும் தெருவில் கேட்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, இரண்டாம் மொழிப் பாடத்தை இலேசாக விடுவது பெரிய நட்டம்.

2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டமும் இதோடு சேர்ந்தது. ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் பிள்ளை தரம் 12, 13இல் தொழிற்கல்விப் பிரிவில் தொடர்ந்து படிக்கலாம் என்பதே அதன் சாரம். எல்லாப் பாடசாலையிலும் அந்தப் பிரிவு இல்லை. எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் தெரியும். பெறுபேறு வந்த கிழமையே கேட்க வேண்டும், பிள்ளை வேலைக்குப் போய்விட்ட பிறகு திருப்பிக் கூட்டி வருவது கஷ்டம்.

ஏற்கெனவே நின்றுவிட்டவர்கள்

பாட்ச் கணக்கைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ செய்யலாம். ஆறு வருடத்துக்கு முந்திய சேர்விடாப்பில் தரம் 6 பெயர்கள் இருக்கும். பெயர், விடுகைப் பத்திரம் எடுத்ததா, கடைசியாக வந்த மாதம், இப்போது எங்கே என்று நான்கு நிரல் போதும். அந்தத் தாள் அதிபரின் மேசையைத் தாண்டிப் போகக்கூடாது. வட்ஸ்அப் குழுவில் போட்டுப் பிள்ளையின் மானத்தை வாங்கிவிடக்கூடாது.

அந்தப் பட்டியலில் 16 வயதுக்குக் கீழ் இருப்பவர் என்றால் முறைசாராக் கல்விப் பிரிவுக்குச் சொல்லுங்கள். வயது கடந்தவர் கராஜிலோ கட்டட வேலையிலோ சில வருடம் நின்றிருப்பார். அவருக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. வகுப்பில் உட்காராமலே, செய்கிற வேலையைச் செய்து காட்டி மதிப்பீட்டில் தேறி என்.வி.கியூ சான்றிதழ் பெறலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிடமோ விசாரித்தால் எங்கே, எப்போது மதிப்பீடு என்று சொல்வார்கள். தம்பி ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இப்படி வேலை செய்கிறார் என்றால், இந்தத் தகவலை அவரிடம் நேரில் சொல்லி, முதல் தடவை அவரோடு கூடவே அலுவலகத்துக்குப் போங்கள்.